சோலைமலை வாத்தியார் விழுந்துகொண்டிருந்த காலம்

சோலைமலை வாத்தியார் கழுகுமூக்குப் பாறையிலிருந்து விழ ஆரம்பித்தது ஒரு ஆவணி மாசத்து வியாழக்கிழமை, நட்டநடு மத்தியானத்தில். தரைக்கு வந்து சேர்ந்தது எட்டு வருஷமும் ஒன்பது மாசமும் கழித்து, ஒரு வைகாசியில். நடுவில் இருந்த நாளெல்லாம் மனுஷன் விழுந்துகொண்டேதான் இருந்தார், நாளொன்றுக்கு ஒரு விரற்கடை, அதாவது ஒரு விரல் அகலம் வீதம், கூடவும் கிடையாது குறையவும் கிடையாது. பாறைப்பட்டி என்று சொன்னால், "வாத்தியார் விழுந்துகிட்டிருக்காரே, அந்த ஊரா?" என்று கேட்டுவிட்டுத்தான் நத்தம் பஸ் கண்டக்டர்கள் டிக்கெட் கிழிப்பார்கள்.

அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். அது பேருக்கு. மற்றபடி தேனீப் பெட்டி வைத்திருந்தார், ஆர்மோனியத்துக்குச் சுருதி சேர்த்தார், சீனி உருண்டை மாதிரி இருக்கிற ஓமியோபதி மாத்திரை கொடுத்தார், மழை பெய்தால் அளந்து பத்திரிகைக்குத் தபால் கார்டு போட்டார், பொங்கல் நாடகத்தில் வில்லனாக வந்து பிள்ளைகளை அழவைத்தார், கடவுள் இல்லை என்று மாசம் ஒரு நோட்டீஸ் அடித்து முருகன் கோயில் வாசலிலேயே நின்று விநியோகித்தார். இத்தனையும் போதாதென்று, பழைய பேப்பர்க்காரனிடம் கிடைத்த ஏதோ ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் வெள்ளைக்காரர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பனிமலையில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "அவனுகளுக்குப் பனி, நமக்குப் பாறை" என்று கிளம்பி, அந்தச் சுற்று வட்டாரத்திலேயே செங்குத்துப் பாறையில் இரும்பு முளை அடித்து, வளையம் மாட்டி, கயிறு விட்டு ஏறின முதல் ஆளாகவும் ஆகிவிட்டார். பதினோரு பாறை ஏறியிருந்தார். பன்னிரண்டாவது கழுகுமூக்கு.

ஒவ்வொரு பாறைக்கும் கீழே நின்று கயிற்றைப் பிடித்தவன் அவருடைய மச்சினன் வீரணன். அவர் பெண்டாட்டி பொன்னழகுக்குக் கூடப்பிறந்த தம்பி. தொழில் கிணறு வெட்டு. நூறடிக் கிணற்றுக்குள் ஆளைக் கயிற்றில் இறக்கி ஏற்றுகிறவன், ஒருத்தரையும் கைவிட்டதில்லை என்று பேர் வாங்கினவன். எழுத்து மட்டும் வராது. "எம் மாப்ளே கையில கயிறு இருந்தா நான் வானத்துலகூட ஏறுவேன்யா" என்று வாத்தியார் டீக்கடையில் சொல்லும்போது, வீரணன் வெட்கப்பட்டுக்கொண்டு தன் உள்ளங்கையைத் தானே பார்த்துக்கொள்வான்.

அந்த ஊரில் ஒரு பழக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பாறையடியில் உள்ள முருகன் கோயிலில் உச்சிக்காலப் பூசை மணி அடித்தால், ஊரில் யார் எங்கே நின்றாலும் கையில் இருப்பதை விட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிடுவார்கள். உழுகிறவன் ஏரை விடுவான், மாவாட்டுகிறவள் குழவியை விடுவாள், சவரம் செய்கிறவர் கத்தியைக் கீழே வைப்பார், பாதிச் சவரத்தில் இருக்கிறவரும் கும்பிடுவார். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது, கொட்டாவி மாதிரி தானாக வரும். சோலைமலை வாத்தியார் ஒருத்தர்தான் அந்த நேரம் பார்த்து இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, பூசாரி மலைக்கொழுந்தைப் பார்த்துச் சிரிப்பார்.

அன்றைக்கு அவர் இருநூறடி உயரத்தில் இருந்தார், உச்சிக்கு இன்னும் இருபதடி. மணி அடித்தது. வீரணன் கை இரண்டும் மேலே போய்விட்டது.

அவ்வளவுதான் நடந்தது. கும்பிட்ட கையோடு அவன் நிமிர்ந்து பார்க்கையில், கயிறு வளையம் வளையமாக உருவிக்கொண்டு மேலே போகிறது, வாத்தியார் பாறையை விட்டுப் பிரிந்து, மல்லாக்க, உட்கார்ந்த வாக்கில், இரண்டு கையும் தலைக்குமேலே இருக்க, அந்தரத்தில் நிற்கிறார். நிற்கிறார் என்றா சொன்னேன்? இல்லை, விழுகிறார். ஆனால் அது அப்போது யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் தேவசகாயம் சார் (கணக்கு வாத்தியார், எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார்) எதிர்ப் பாறையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறார் என்று தெரிந்தது.

கூட்டம் சேருவதற்குள் வீரணனுக்கு ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. கயிறு உருவிக்கொண்டு போயிருந்தால் கை தோல் உரிந்திருக்க வேண்டும். அவன் கை வெண்ணெய் மாதிரி சுத்தமாக இருந்தது. சட்டென்று பாறைக்குப் பின்னால் போய் இரண்டு உள்ளங்கையையும் கல்லில் வைத்து இரத்தம் வரும்வரை தேய்த்தான். பாவி மனுஷன், அந்த ஒரு நிமிஷத்தில் செய்ததுதான் எட்டே முக்கால் வருஷம் அவனை உயிரோடு தின்றது.

"பிடிச்ச கல்லு பேந்துகிட்டு வந்துருச்சுய்யா!" என்று மேலேயிருந்து வாத்தியார் கத்தினார். "எம் மாப்ளே மேல தப்பில்ல! கயித்துல வந்த அந்தச் சொடுக்கை எவனாலயும் தாங்க முடியாது!"

"ஆத்தாடி, எம் தம்பி கையைப் பாருங்க" என்று பொன்னழகு அழுதுகொண்டே மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துப் பூசினாள். புருஷன் அந்தரத்தில் இருக்கும்போதும் தம்பி கைக்கு மருந்து போட்ட அக்கா. வீரணனுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

முதல் மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். ஆடு மேய்க்கிற தடம் வழியாகப் பின்பக்கம் ஏறி, உச்சியிலிருந்து கயிறு போட்டு இருபது பேர் இழுத்தார்கள். கயிறு இற்றுப்போனதே தவிர ஆள் அசையவில்லை. நாலாம் நாள் உச்சியில் ஒரு கிணற்று ராட்டினத்தை மாட்டி, கூடையில் சோறு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் திறந்தது. எவ்வளவு நாளைக்குத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது, கழுத்து வலிக்காதா?

டிரில் பீரியடைப் பாறையடிக்கு மாற்றினார்கள். மேலேயிருந்து அவர் விசில் ஊதினால் கீழே முந்நூறு பிள்ளைகள் கை தூக்கி இறக்கினார்கள். பின்வரிசையில் ஏமாற்றுகிறவனும் தப்ப முடியவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி, ஆசிரியர் பள்ளி வளாகத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி காட்டியபோது, தலைமையாசிரியர் பாறையை விளையாட்டு மைதானம் என்று எழுதிக்கொடுத்துப் பிரச்சினையை முடித்தார். மழை அளக்கிற குடுவையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாத்தியார் தபால் கார்டு எழுதினார், முன்னைவிடச் சுத்தமான அளவு என்று பத்திரிகையிலிருந்து பாராட்டிப் பதில் வந்தது. ஆர்மோனியத்தைக் கூடையில் அனுப்பிச் சுருதி சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். பொங்கல் நாடக மேடையை அவருக்கு நேர்கீழே போட்டார்கள். வில்லன் குரல் மட்டும் வானத்திலிருந்து வந்ததால் பெரியவர்களும் அழுதார்கள். தேர்தல் வந்தபோது வாக்குச்சீட்டு கூடையில் ஏறி, மடித்து இறங்கியது. மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர் வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் 'மேலே' என்று எழுதிக்கொண்டு போனார். மற்ற அன்றாடக் காரியங்களெல்லாம் எப்படி என்று கேட்காதீர்கள், ஊர் என்று ஒன்று இருந்தால் அதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கத்தான் செய்யும்.

பூசாரி மலைக்கொழுந்து, வாத்தியாரைத் தாங்கிப் பிடித்திருப்பது முருகன்தான் என்றார். "தாங்குறவன் மேல தூக்கிவிட வேண்டியதுதானே, எதுக்குய்யா கொஞ்சங் கொஞ்சமா இறக்குறான்?" என்று வாத்தியார் அங்கிருந்தே கேட்டார். வெளியூரிலிருந்து ஜனங்கள் நோயாளிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவரைக் கும்பிட வந்தார்கள். "முதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ தாயி!" என்று அவர் கத்துவார், கத்திவிட்டு, சளி இருமல் என்றால் கூடையில் இரண்டு சீனி உருண்டையும் அனுப்புவார். மாசாமாசம் நோட்டீஸும் நிற்கவில்லை. அந்தரத்தில் தொங்கிக்கொண்டே கடவுள் இல்லை என்று எழுதுகிற மனுஷனை என்ன செய்வது, பூசாரியே வாங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

புருஷன் பெண்டாட்டி சண்டைதான் கொஞ்ச நாள் ஊருக்கே கேட்டது. பிறகு பொன்னழகு சண்டையைக் காகிதத்தில் எழுதிச் சோற்றுக்கடியில் வைத்து அனுப்பப் பழகிக்கொண்டாள்.

அந்தக் கூடையை மூன்று வேளையும் இழுத்தவன் வீரணன். கிணறு வெட்டப் போவதை விட்டுவிட்டான். ஆளை இறக்குகிற கயிற்றைக் கையால் தொடவே மாட்டேன் என்றான். உச்சிக்கால மணி அடித்தால், எங்கே இருந்தாலும் சட்டென்று உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொள்வான். கோயிலுக்குள் அவன் கால் வைக்கவில்லை. "பார்த்தியா, எம் மாப்ளே திருந்திட்டான்!" என்று மேலேயிருந்து வாத்தியார் சந்தோஷப்பட்டார். ஊரும் அப்படித்தான் நம்பியது.

சொல்லிவிட வேண்டும் என்று அவன் நினைக்காத நாள் இல்லை. ஆனால் எப்படிச் சொல்வது? இருநூறடி உயரத்தில் இருக்கிற மனுஷனிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும், கத்தினால் அக்காளுக்குக் கேட்கும், ஊருக்குக் கேட்கும். எழுதி அனுப்ப அவனுக்கு எழுத்துத் தெரியாது, இன்னொருத்தரை எழுதச் சொன்னால் அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். காதோடு சொல்கிற தூரத்துக்கு மச்சான் வரட்டும் என்று காத்திருந்தான். தேவசகாயம் சார் போட்டு வைத்த கணக்கு இன்னொரு பக்கம் அவன் நெஞ்சை அறுத்தது. இருநூறடி விழுந்த வேகம் எங்கேயும் போய்விடாது, அணையில் தண்ணீர் சேர்கிற மாதிரி உள்ளுக்குள்ளே சேர்ந்துகொண்டே இருக்கிறது, தரையைத் தொடுகிற நிமிஷத்தில் மொத்தமும் ஒரே அடியாக இறங்கும் என்பது அவர் கணக்கு. அதாவது காதோடு சொல்ல முடிகிற நாளும், மச்சான் சாகப்போகிற நாளும் அடுத்தடுத்துத்தான் வரும்.

எட்டாவது வருஷம் வாத்தியார் பனைமரத்து உயரத்துக்கும் கீழே வந்துவிட்டார். ஒருநாள் பொன்னழகு தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏன்டா வீரணா, அவருக்கு நேரா கீழே ஒரு கிணறு வெட்டினா என்ன? தினம் ஒரு விரக்கடை ஆழம் பண்ணிக்கிட்டே போ. தரை வராதுல்ல?"

வீரணனுக்கு இருட்டு வீட்டில் விளக்கு ஏற்றினது போலிருந்தது. ஆயுசு முழுக்க வெட்டச் சொன்னாலும் வெட்டுவான். அன்றைக்கே கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு போனான். நாலு போடு போட்டதுமே மேலேயிருந்து சத்தம் வந்தது.

"என்ன மாப்ளே பண்றே?"

"கிணறு, மச்சான். நீங்க பாட்டுக்கு இறங்கிக்கிட்டே இருக்கலாம்."

"என்னை உயிரோட குழிக்குள்ள இறக்கப் பார்க்கிறியா? கடப்பாறையைக் கீழே போடுய்யா!" வாத்தியாருக்கு அப்படி ஒரு கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. பிறகு குரல் தணிந்தது. "எனக்குத் தரைக்கு வரணும் மாப்ளே. உங்க அக்கா பக்கத்துல உக்காந்து ஒரு வேளை சோறு திங்கணும். அது ஒரு வேளையோட முடிஞ்சாலும் சரி. பாதியிலயே தொங்கித் தொங்கி அலுத்துப் போச்சு எனக்கு."

கூட வந்து நின்ற பொன்னழகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு போடு போட்ட குழியில் ஆற்று மணலைக் கொட்டி நிரப்பினார்கள், விழும்போது கொஞ்சம் மெத்தென்று இருக்கட்டும் என்று.

கடைசி மூன்று மாசம் அவர் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டார். பொன்னழகு தினமும் போய் அவர் தலையைச் சீவிவிட்டாள், நரைத்ததைக் கேலி செய்தாள், சோற்றை உருட்டிக் கையில் கொடுத்தாள். காதோடு பேசுகிற தூரம்தான். வீரணன் தினம் போவான், வாயைத் திறப்பான், "தண்ணி வேணுமா மச்சான்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவான்.

அந்த வைகாசி நாளும் வந்தது. தேவசகாயம் சார் மத்தியானத்துக்குச் சற்று முன்பின்னாக இருக்கும் என்று சொல்லி, சுற்றிலும் முப்பதடி தள்ளிச் சணல் கயிறு கட்டி, உள்ளே யாரும் வரக்கூடாதென்று நிறுத்திவிட்டார். ஊரே சணலுக்கு வெளியே நின்றது. பூசாரியும் அங்கேதான் நின்றார், அன்றைக்கு உச்சிக்காலப் பூசையே நடக்கவில்லை. டவுனிலிருந்து ஆம்புலன்ஸ் வண்டி வந்து நின்றது. வாத்தியார் முதுகுக்கும் மணலுக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம்தான் பாக்கி.

வீரணன் சணலைத் தாண்டி உள்ளே போனான். தேவசகாயம் சார் கத்தினார், அவன் காதில் வாங்கவில்லை. போய், மணலில் மண்டி போட்டு, ஒரு கையை மச்சான் முதுகுக்கும் இன்னொரு கையைத் தொடைக்கும் அடியில் கொடுத்தான்.

"எந்திரிச்சுப் போ மாப்ளே, கை நொறுங்கிரும்."

"நொறுங்கட்டும் மச்சான். அன்னிக்குக் கல்லு பேந்தது உங்க விதி. ஆனா கயிறு என் கையை அறுத்துக்கிட்டுப் போகல. மணி அடிச்சுச்சு, நான் கயித்தை விட்டுட்டுக் கும்பிட்டுட்டேன். கையில இருந்த காயம் நானே கல்லுல தேச்சது." சொல்லி முடிக்கும்போது அவனுக்கு மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை.



"தெரியும்" என்றார் வாத்தியார்.

"என்ன தெரியும்?"

"நீ கும்பிட்டது தெரியும். மேலேயிருந்து பார்த்தேனே." அவர் குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. "கல்லு ஒண்ணும் பேரல மாப்ளே. நானும் கும்பிட்டேன்."

வீரணனுக்கு முதலில் புரியவில்லை.

"சுத்தியலை ஒரு கையில பிடிச்சிருக்கேன், பாறையை ஒரு கையில பிடிச்சிருக்கேன், பைக்குள்ள எங்கேயிருந்து கையை விடுறது? மணி அடிச்சதும் ரெண்டு கையும் தானா மேலே போயிருச்சு. சின்ன வயசுப் பழக்கம். கீழே பார்க்கிறேன், நீயும் என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறே."

"அப்ப கல்லு?"

"சும்மா சொன்னேன். மாசாமாசம் நோட்டீஸ் அடிக்கிறவன், கும்பிட்டதாலதான் விழுந்தேன்னு எப்படிய்யா சொல்றது? நீ கயித்தை விட்டேன்னு நான் சொன்னா, அது சரி, நீ எதுக்குப் பாறையை விட்டேன்னு என்னைக் கேப்பாங்க. என் பேரைக் காப்பாத்திக்கிட்டேன். நீ கையைத் தொடைக்கடியில வச்சு அமுக்கிறதைத் தினம் மேலேயிருந்து பார்ப்பேன். சொல்லணும்னு நினைப்பேன். உனக்கு எழுதினா வேற ஆள்தான் படிச்சுக் காட்டணும்..."

"மூணு மாசமாக் காதுக்குப் பக்கத்துலதானேய்யா கெடந்தீரு!"

வீரணன் கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டான். எட்டே முக்கால் வருஷம்! தொழில் போச்சு, தூக்கம் போச்சு, கோயில் போச்சு, அக்கா முகத்தை நேராகப் பார்த்து ஒரு வாய் சோறு தின்றதில்லை, இந்த மனுஷன் அத்தனையும் தெரிந்துகொண்டு அங்கே உட்கார்ந்து ஆர்மோனியத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறான். "போய்யா! விழுந்து சாவு! எனக்கென்ன!" என்று கத்திக்கொண்டே விறுவிறுவென்று நடந்து சணல்வரைக்கும் வந்துவிட்டான்.

"என்னடா? என்ன ஆச்சு?" என்று பொன்னழகு அவன் தோளைப் பிடித்தாள்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மச்சான் பேரும் போயிருக்கும், நோட்டீஸும் போயிருக்கும், பூசாரி அன்றைக்கே மைக் செட் கட்டியிருப்பார். அவன் திரும்பிப் பார்த்தான். வாத்தியார் அவனைக் கூப்பிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தரையைத் தொடப்போகிற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பாறையில் ஒன்றிலும் அவர் பயந்து வீரணன் பார்த்ததில்லை. முதுகுக்கும் மணலுக்கும் நடுவே இப்போது விரல்தான் நுழையும்.

"அயோக்கியப் பய" என்று சொல்லிக்கொண்டு வீரணன் திரும்ப ஓடினான். ஓடிப்போய் மண்டி போட்டு, மணலை இரண்டு பக்கமும் பறித்துத் தள்ளிக் கையை அடியில் கொடுத்து, தோளை இறுக்கிக்கொண்டான். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. கிணற்றடிக் கெட்ட வார்த்தையெல்லாம் அவன் வாயிலிருந்து வந்தது. வாத்தியார் ஒவ்வொன்றுக்கும் "ஆமா மாப்ளே, ஆமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு இருநூறடியும் வந்தது. சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை, ஈர மூட்டையை வண்டியிலிருந்து போட்ட மாதிரி ஒரு சத்தம், கூடவே விறகு முறிகிற மாதிரி இரண்டு சத்தம். மணல் இடுப்பளவுக்கு எழும்பி அடங்கியது. அடங்கினபோது வாத்தியார் வீரணன் மடிமேல் உட்கார்ந்திருந்தார், மேலில் ஒரு கீறல் இல்லை. வீரணனுடைய இரண்டு முன்கையும் இருக்கக்கூடாத பக்கம் வளைந்திருந்தன. விடவில்லை அவன். வலியில் மயங்கின பிறகும் கை அவரைச் சுற்றித்தான் கிடந்தது, பொன்னழகும் தேவசகாயம் சாரும் சேர்ந்து மெதுவாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

நிற்கப் பழகாத காலோடு வாத்தியாரையும், உடைந்த கையோடு வீரணனையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். பொன்னழகு நடுவில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து, ஒரு உருண்டை புருஷன் கையிலும் ஒரு உருண்டை தம்பி வாயிலுமாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா சீட்டும் பேனாவுமாக வந்து, கை எப்படி உடைந்தது என்று கேட்டாள்.

"விழுந்தாரு, பிடிச்சேன்" என்றான் வீரணன்.

"எவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தார்?"

வீரணன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஒரு விரக்கடை இருக்கும்" என்றான்.

"இருநூறடி, எழுதும்மா" என்றார் சோலைமலை வாத்தியார். "முழுசா இருநூறடின்னு எழுது."